வீட்டு சர்வர் உள்ளே விட மறுக்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

முதலில் ஒன்று. சர்வருக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கும் டெர்மினல் விண்டோ ஏதாவது திறந்திருந்தால் அதை மூடாதீர்கள். எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும் நடந்துகொண்டிருக்கும் இணைப்பு பொதுவாக அறுந்துபோகாது. அந்த விண்டோவை அப்படியே விட்டுவிட்டு, சோதனைகளையெல்லாம் வேறொரு விண்டோவில் செய்யுங்கள். கான்ஃபிக் கோப்பில் கை வைத்தால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் எஸ்எஸ்ஹெச்டி (சர்வர் பக்கம் ஓடும் எஸ்எஸ்ஹெச் நிரல்) கட்டளையைச் சிறிய டி (‘டெஸ்ட்’டின் டி) போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் எந்த வரியில் என்று அதுவே சொல்லிவிடும்.

இரண்டாவது, உங்கள் திரையில் வரும் செய்தியை மட்டும் நம்பி எதையும் மாற்றாதீர்கள். எஸ்எஸ்ஹெச் வெளியாளிடம் வேண்டுமென்றே குறைவாகத்தான் பேசும். அந்தப் பெயரில் யூசரே இல்லை, பாஸ்வேர்டு தப்பு, சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் கோப்பு) வைத்திருக்கும் ஃபோல்டரின் அனுமதி சரியில்லை என்று காரணம் எதுவானாலும் வெளியே நிற்பவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ‘பெர்மிஷன் டினைடு’. கதவைத் தட்டுகிறவர் திருடனாக இருந்தால் அவருக்குத் துப்புக் கிடைக்கக் கூடாது அல்லவா? ஆனால் சர்வர் தன் லாகில் (நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவில்) உண்மைக் காரணத்தை எழுதி வைக்கும். நான் பார்த்த லாகின் சிக்கல்களில் பாதிக்கு மேல், மணிக்கணக்கில் லேப்டாப் பக்கமே நோண்டிக்கொண்டிருந்தவை. சர்வர் லாகைத் திறந்ததும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன.

ஆகவே மானிட்டரையும் கீபோர்டையும் சர்வரில் மாட்டியோ, திறந்திருக்கும் அந்த விண்டோவிலோ ஜர்னல்சிடிஎல் கட்டளையை ஓடவிடுங்கள். சிறிய யூ போட்டு எஸ்எஸ்ஹெச், அப்புறம் சிறிய எஃப். டெபியன், உபுண்டு என்றால் சேவையின் பெயர் எஸ்எஸ்ஹெச். ஃபெடோரா வகை என்றால் எஸ்எஸ்ஹெச்டி. லேப்டாப் பக்கம் எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு சிறிய வி ஒன்று சேர்த்து ஓட்டுங்கள். இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி அறிகுறிகளுக்கு வரலாம். கட்டளைகளை போனில் ஒருவருக்குச் சொல்வதுபோல, உச்சரிக்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’: பதிலே வரவில்லை

இது சாவி, பாஸ்வேர்டு சிக்கலே இல்லை. நீங்கள் கதவு வரைக்கும் போகவே இல்லை. சாவியை மாற்றுவதில் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காதீர்கள்.

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, சர்வரின் உள் ஐபி முகவரிக்கு முயன்று பாருங்கள். உள்ளே போக முடிகிறது, வெளியிலிருந்துதான் முடியவில்லை என்றால் சிக்கல் ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளி முகவரி என்னவென்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வேர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பை சர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டாலும் பலிக்காது. நிறுவனத்திடம் தனி முகவரி கேட்கலாம், ஐபிவி6 வழியாக வரலாம், இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வயர்கார்டு விபிஎன் மட்டும் வைப்பதானால், இரண்டு முனைகளில் ஒன்றுக்காவது வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறது, வீட்டுக்குள் வைஃபையில் அதே டொமைன் பெயரைப் போட்டால் தொங்குகிறது. உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரி வழியாக மறுபடி உள்ளே திரும்புவதைப் பல ரூட்டர்கள் செய்வதில்லை. வீட்டுக்குள் அந்தப் பெயர் உள் ஐபியைக் காட்டுமாறு உள்ளூர் டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஒரு வரி சேர்த்தால் போதும்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’: உடனே மறுக்கிறது

நல்ல செய்தி. இயந்திரம் உயிரோடு இருக்கிறது, நீங்கள் அதுவரைக்கும் போய்விட்டீர்கள். அந்த போர்ட்டில்தான் யாரும் காது கொடுக்கவில்லை. சர்வரில் எஸ்எஸ் கட்டளையைச் சிறிய டி (‘டிசிபி’யின் முதல் டி), எல், என், பி (‘பிராசஸ்’ஸின் பி) நான்கும் போட்டு ஓட்டினால் எந்தச் சேவை எந்த போர்ட்டில் நிற்கிறது என்று தெரியும்.

போர்ட்டை 22‑இலிருந்து மாற்றினேன், ஆனால் சர்வர் இன்னும் 22‑இலேயே நிற்கிறது என்கிறவர்கள் கவனியுங்கள். உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்ஹெச்சுக்காகக் காத்து நிற்பது, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சாக்கெட். இடைப்பட்ட பதிப்புகளில் கான்ஃபிக் கோப்பில் போர்ட் எண்ணை மாற்றினால் சாக்கெட்டுக்குத் தெரியாது. சாக்கெட்டின் அமைப்பிலேயே மாற்ற வேண்டும். 24.04‑இல் கான்ஃபிக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் சிஸ்டம்சிடிஎல்லில் டீமன்‑ரீலோட் செய்து, எஸ்எஸ்ஹெச் சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்தால்தான் மாற்றம் பலிக்கும்.

இன்னொரு வகை: உங்கள் ஒரு லேப்டாப்பிலிருந்து மட்டும் மறுக்கிறது, பக்கத்து போனிலிருந்து மொபைல் டேட்டாவில் போகிறது. ஐந்து நிமிடம் முன்னால் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகத் தட்டினீர்களா? அப்படியானால், தொடர்ந்து தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் என்ற நிரல் உங்களையே தடை செய்திருக்கிறது. நீங்கள் மாற்றவில்லையென்றால் அதன் கணக்கு, 10 நிமிடத்துக்குள் 5 தோல்வி, அதற்கு 10 நிமிடத் தடை. ஃபெயில்2பேன்‑கிளையன்ட் கட்டளையில் அன்பேன்ஐபி என்று சொல்லி உங்கள் முகவரியை விடுவிக்கலாம், அல்லது 10 நிமிடம் பொறுத்திருக்கலாம். திரும்பத் திரும்பத் தடை விழுந்தால் பாஸ்வேர்டைத் தேடாதீர்கள். பழைய பாஸ்வேர்டோடு தானாகவே முயன்றுகொண்டிருக்கும் பேக்கப் செயலி ஒன்று வீட்டில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். 2024‑இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 முதல் எஸ்எஸ்ஹெச்டியே இந்த வேலையைக் கொஞ்சம் செய்கிறது. ஆகவே ஃபெயில்2பேன் இல்லாத சர்வரிலும் தொடர் தோல்விக்குப் பிறகு கதவு சிறிது நேரம் அடைபடலாம்.

‘பெர்மிஷன் டினைடு’: கதவு வரை வந்தாயிற்று, உள்ளே விடவில்லை

இந்தச் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை. சர்வர் எந்தெந்த வழிகளை ஏற்கும் என்று சொல்லும் பட்டியல் அது. பப்ளிக்கீ என்று மட்டும் இருந்தால் பாஸ்வேர்டை இந்த சர்வர் கேட்கவே கேட்காது. சாவி ஒன்றுதான் வழி.

அடுத்து லேப்டாப் திரையில், சிறிய வி போட்டதால் வந்த வரிகளில், ‘ஆஃபரிங் பப்ளிக் கீ’ என்று தொடங்குவதைத் தேடுங்கள். அந்த வரியில் உங்கள் சாவிக் கோப்பின் பெயர் இல்லையென்றால், லேப்டாப் அந்தச் சாவியை நீட்டவே இல்லை. கோப்பு வேறு பெயரில் இருக்கும். சிறிய ஐ போட்டுக் கோப்பைக் காட்டுங்கள். நீட்டியது, ஆனால் ‘சர்வர் அக்செப்ட்ஸ் கீ’ என்ற வரி வரவில்லை என்றால் சர்வர் பக்கம் போக வேண்டும்.

சர்வர் பக்கம் போவதற்கு முன் யூசர் பெயரை மட்டும் சரிபாருங்கள். பெயர் கொடுக்காமல் விட்டால் லேப்டாப்பில் உங்கள் பெயர் எதுவோ அதையே எஸ்எஸ்ஹெச் அனுப்பும். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் பழைய வழிகாட்டியைப் பார்த்து ‘பை’ என்ற யூசர் பெயரைத் தட்டுவது இன்னும் நடக்கிறது. அந்த இயல்பான யூசரை 2022 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். ரூட் (சர்வரின் நிர்வாகி) பெயரில் பாஸ்வேர்டு போட்டு நுழைவதும் 2015‑இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.0 பதிப்பு முதல் இயல்பாகவே மூடியிருக்கிறது.

இப்போது சர்வர் லாகைப் பாருங்கள். அடிக்கடி வருவது இந்த வரி: ‘ஆத்தென்டிகேஷன் ரெஃப்யூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’. அதன் பின்னால் எந்த ஃபோல்டர் என்றும் இருக்கும். உங்கள் சாவிப் பட்டியலை வேறு யாராவது திருத்த முடியும் என்றால் அந்தப் பட்டியலையே எஸ்எஸ்ஹெச்டி நம்பாது. ரொம்பச் சரியான பிடிவாதம் அது. புள்ளி எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியலான ஆதரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600 (இரண்டுமே உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) என்று எல்லோரும் செய்துவிடுகிறார்கள். விட்டுப்போவது அதற்கு மேலே இருக்கும் ஹோம் ஃபோல்டர். குழுவுக்கோ மற்றவர்களுக்கோ அதில் எழுதும் அனுமதி இருந்தால் சாவி செல்லாது. சில நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளில் ஹோம் ஃபோல்டர் முழுதும் திறந்தே வரும். அங்கே 755 ஆக்கினால் வேலை முடிந்தது. சூடோ போட்டு ஃபோல்டரை உருவாக்கியிருந்தால் உரிமையாளர் ரூட்டாக இருக்கும், அதையும் பாருங்கள். ஃபெடோரா வகையில் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) கோப்புக்கு இடும் குறியீடு தவறியிருக்கும். புள்ளி எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரின் மேல் ரீஸ்டோர்கான் ஓட்டுங்கள்.

அனுமதியும் சரி, பெயரும் சரி, ஆனாலும் மறுக்கிறது என்றால் சாவி வரியையே கிட்டப் போய்ப் பாருங்கள். எனக்கு ஒரு மாலை நேரம் முழுதும் போனது இதில்தான். விஐ எடிட்டரில் கோப்பைத் திறந்து, எழுதும் நிலைக்குப் போகாமல் சாவியை அப்படியே ஒட்டியிருந்தேன். சாவி வரி எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். விஐயில் எஸ் என்பது ஒரு கட்டளை: இருக்கும் எழுத்தை நீக்கிவிட்டு எழுதும் நிலைக்குப் போ என்று அர்த்தம். ஆக, முதல் எஸ்ஸைக் கட்டளையாக விழுங்கிவிட்டு, மிச்சத்தை ஒழுங்காக எழுதிக்கொண்டது. ‘எஸ்எஸ்ஹெச்‑இடி25519’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘எஸ்ஹெச்‑இடி25519’. எண்பது எழுத்து நீளமுள்ள வரியில் முதல் எழுத்து இல்லாதது கண்ணில் படவே இல்லை. மின்னஞ்சலிலிருந்து ஒட்டும்போது நடுவில் வரி உடைந்து இரண்டாவதும் இதே மாதிரிதான். ஒரு சாவி என்றால் ஒரே வரி.

கண்ணால் தேட வேண்டாம். சர்வரில் எஸ்எஸ்ஹெச்‑கீஜென் கட்டளையைச் சிறிய எல், எஃப் போட்டு ஆதரைஸ்டு கீஸ் கோப்பின் மேல் ஓட்டுங்கள். ஒழுங்கான சாவி ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை (சாவியை அடையாளம் காட்டும் சிறு குறியீடு) வரி வரும். லேப்டாப்பில் உள்ள பொதுச் சாவியின் மேலும் அதையே ஓட்டி, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். கெட்ட வரி கணக்கிலேயே வராது. சாவியைக் கையால் ஒட்டுவதை விட்டு எஸ்எஸ்ஹெச்‑காப்பி‑ஐடி பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

பழைய சாதனத்தோடு இணையும்போது ‘நோ மியூச்சுவல் சிக்னேச்சர் அல்காரிதம்’ என்று வந்தால் கதை வேறு. 2021‑இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 பதிப்பு, எஸ்ஹெச்ஏ‑1 வழியில் இடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பத்தை நிறுத்திவிட்டது. ஆர்எஸ்ஏ சாவி கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பழைய சாதனத்துக்குப் புதிய கையொப்ப முறை தெரியவில்லை. இடி25519 வகைச் சாவி 2014 முதல் இருக்கிறது, சாதனம் ஏற்றால் அதற்கு மாறுங்கள். ஏற்காவிட்டால், லேப்டாப்பின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் பழைய முறையை அனுமதியுங்கள். எல்லா சர்வருக்கும் சேர்த்துத் திறந்துவிடாதீர்கள். டிஎஸ்ஏ சாவி இன்னும் வைத்திருந்தால் அதைத் தூக்கிப் போடலாம். 2025‑இல் வந்த 10.0 பதிப்பில் அதை முழுக்கவே நீக்கிவிட்டார்கள்.

‘டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’: ஒருமுறைதானே முயன்றேன்?

நீங்கள் ஒருமுறைதான் முயன்றீர்கள். உங்கள் சாவி ஏஜென்ட் (லேப்டாப்பில் சாவிகளைத் திறந்து வைத்திருக்கும் நிரல்) கையிலிருந்த எல்லாச் சாவியையும் ஒவ்வொன்றாக நீட்டியது. சர்வர் இயல்பாக 6 முயற்சி வரைதான் பொறுக்கும். சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதற்கு முறை வருவதற்குள் கதவு மூடிவிடும். எஸ்எஸ்ஹெச்‑ஆட் கட்டளையைச் சிறிய எல் போட்டு ஓட்டி எத்தனை சாவி இருக்கிறது என்று பாருங்கள். கான்ஃபிக் கோப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பத்தி எழுதி, எந்தச் சாவி என்று குறிப்பிட்டு, ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் என்று சேர்த்துவிடுங்கள். சர்வரில் முயற்சி எண்ணிக்கையைக் கூட்டுவது இதற்கு மருந்து இல்லை.

சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்ற பெரிய எச்சரிக்கை

இதை மட்டும் யோசிக்காமல் தள்ளிவிடாதீர்கள். வரிசையாக அட் குறிகளோடு திரை நிறைய வரும் இந்த எச்சரிக்கைக்குக் காரணம் பெரும்பாலும் சாதுவானதுதான். சர்வரை மறுபடி இன்ஸ்டால் செய்திருப்பீர்கள், அல்லது ரூட்டர் அந்த ஐபியை வேறு சாதனத்துக்குக் கொடுத்திருக்கும். ஆனால் நடுவில் ஒருவர் சர்வர் வேஷம் போட்டு நின்றாலும் திரையில் வருவது இதேதான். 1995‑இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதியதே, அங்கே நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்ட பிறகுதான். இந்த எச்சரிக்கை அந்த வேலையின் மையம்.

சர்வரின் கன்சோலுக்கு (நேரடியாக மாட்டிய மானிட்டரும் கீபோர்டும்) போய், ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் சர்வரின் இடி25519 பொதுச் சாவி மேல் அதே எஸ்எஸ்ஹெச்‑கீஜென் சிறிய எல், எஃப் ஓட்டுங்கள். வரும் கைரேகையும் எச்சரிக்கையில் இருக்கும் கைரேகையும் ஒன்றாக இருந்தால், எஸ்எஸ்ஹெச்‑கீஜென் பெரிய ஆர் போட்டு அந்த சர்வரின் பழைய பதிவை மட்டும் நீக்குங்கள். சர்வர்களின் அடையாளங்களை லேப்டாப் பதிந்துவைக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பையே அழிக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மற்ற எல்லா சர்வர்களின் அடையாளமும் அதோடு போய்விடும்.

டிஸ்க்கை முழுதாக என்கிரிப்ட் செய்து, பூட் ஆகும்போது டிராப்பியர் என்ற சிறிய எஸ்எஸ்ஹெச் சர்வர் வழியாகத் திறக்கிறவர்களுக்கு இது வாடிக்கையாக வரும். பூட் நேரத்து டிராப்பியருக்கு ஒரு அடையாளச் சாவி, சிஸ்டம் எழுந்த பிறகு எஸ்எஸ்ஹெச்டிக்கு வேறொன்று. டிராப்பியரை வேறு போர்ட்டில் வைத்தால் இரண்டும் தனித்தனியாகப் பதிவாகும், எச்சரிக்கை நின்றுவிடும்.

மின்சாரம் போய் வந்த பிறகு மட்டும் நுழைய முடியவில்லை

இரண்டு காரணங்கள். ஆறு இலக்க இரண்டாம் படிக் குறியீடு வைத்திருந்தால், அது 30 வினாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. 5‑இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக மாட்ட வேண்டும். இணையம் வந்து நேரம் சரியாகும் வரை நீங்கள் தட்டுகிற குறியீடு எல்லாமே தப்பு. டைம்டேட்சிடிஎல் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, ஹோம் ஃபோல்டர் என்கிரிப்ட் ஆகியிருப்பது. ஒரு விண்டோவில் உள்ளே இருக்கும்போது இரண்டாவது விண்டோ சாவியோடு ஜம்மென்று நுழைகிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்தால் மறுக்கிறது. பூட்டிய அறைக்குள் சாவிப் பட்டியல் இருந்தால் எஸ்எஸ்ஹெச்டி எப்படிப் படிக்கும்? ஆதரைஸ்டு கீஸ்ஃபைல் என்ற அமைப்பை மாற்றி, பட்டியலை ஈடிசிக்குள் வையுங்கள்.

கன்சோலில் ஏற்கிற பாஸ்வேர்டை ரிமோட்டில் ஏற்கவில்லை

கீபோர்டு அமைப்பு. பாஸ்வேர்டு வைத்த அன்று சர்வர் பிரிட்டன் கீபோர்டு என்று நினைத்திருந்தால், அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் அமெரிக்க அமைப்பிலிருந்து இடம் மாறியிருக்கும். கன்சோலில் யூசர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டின் குறிகளை மட்டும் தட்டிப் பாருங்கள், என்ன விழுகிறது என்று கண்ணால் தெரியும்.

பாஸ்வேர்டை நிறுத்திவிட்டேன், ஆனாலும் கேட்கிறது

பிழைச் செய்தியே வராத சிக்கல் இது, அதனால் மற்றவற்றைவிட ஆபத்து அதிகம். கான்ஃபிக்கில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் எஸ்எஸ்ஹெச்டி முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவிலும் டெபியனிலும் பிரதானக் கோப்பின் தலையிலேயே, எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் புள்ளி டி என்ற ஃபோல்டரில் உள்ள கோப்புகளை இழுத்துக்கொள்ளும் வரி இருக்கிறது. அங்கே 50‑கிளவுட்‑இனிட் என்ற கோப்பு உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டு யெஸ் என்று சொல்லியிருந்தால், கீழே நீங்கள் எழுதிய நோ வெறும் எழுத்துதான். எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய டி (இதுவும் ‘டெஸ்ட்’டின் டி) போட்டு ஓட்டினால் உண்மையில் நடப்பில் உள்ள அமைப்புகளைக் கொட்டும், அதில் பாருங்கள். அங்கேயே கேபிடிஇன்டராக்டிவ் என்று தொடங்கும் அமைப்பும் நோ ஆக இருக்க வேண்டும். பிறகு லேப்டாப்பிலிருந்து, சிறிய ஓ போட்டு பப்கீஆத்தென்டிகேஷன் ஈக்வல் நோ என்று சொல்லி முயன்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்காமலே விரட்டினால் சரி.

சாவியின் பாஸ்ஃப்ரேஸ் மறந்துவிட்டது, அல்லது லேப்டாப்பே தொலைந்துவிட்டது

சாவிக் கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டுதான் பாஸ்ஃப்ரேஸ். அதை மீட்க வழி இல்லை. நினைவில் உள்ளதைச் சோதிக்க எஸ்எஸ்ஹெச்‑கீஜென் சிறிய ஒய் போட்டுச் சாவிக் கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் பொதுச் சாவியைக் காட்டும். திறக்காவிட்டால் புதுச் சாவி உருவாக்கி, கன்சோல் வழியாகச் சேர்ப்பதுதான் பாதை. மானிட்டர் மாட்ட முடியாத பெட்டி என்றால் அதன் டிஸ்க்கையோ எஸ்டி கார்டையோ வேறு லினக்ஸ் கணினியில் மாட்டி, ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் புது வரியைச் சேர்க்கலாம்.

லேப்டாப் தொலைந்தால் செய்ய வேண்டியது சர்வரில்: அந்த லேப்டாப்பின் வரியை ஆதரைஸ்டு கீஸ் கோப்பிலிருந்து நீக்குங்கள். எந்த வரி என்று தெரிய, சாதனத்துக்கு ஒரு சாவியும், வரியின் கடைசியில் சாதனத்தின் பெயரும் மாதமும் எழுதும் பழக்கமும் இருந்திருக்க வேண்டும். ஒரே சாவியை நான்கு சாதனங்களில் நகலெடுத்து வைத்திருந்தால் நான்கையும் சேர்த்தே பூட்ட வேண்டி வரும். வரியை நீக்குவதால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு வெளியேறாது. ஹூ கட்டளையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அந்த செஷனைக் கொல்லுங்கள். சர்வரிலேயே அந்த யூசர் பெயரில் வேறு சாவி புதிதாகச் சேர்ந்திருக்கிறதா, லாகில் தெரியாத முகவரி ஏதும் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சிக்கல், நான் நேரில் கண்டது. பாஸ்வேர்டு மேலாளரை வீட்டு சர்வரிலேயே ஓட்டுகிறவர், அந்த சர்வரின் டிஸ்க்கைத் திறக்கும் பாஸ்வேர்டையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார். பூட் ஆகி நின்ற பெட்டி பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு பெட்டிக்குள் இருந்தது. அவர் போனில் அந்தச் செயலி முன்பு இறக்கி வைத்த நகல் ஒன்று இருந்ததால் தப்பித்தார். டிஸ்க் பாஸ்வேர்டு, ரூட்டர் பாஸ்வேர்டு, ஒரு மாற்றுச் சாவி, சர்வரின் கைரேகை ஆகிய நான்கையும் தாளில் எழுதியும் யூஎஸ்பியில் போட்டும் சர்வருக்கு வெளியே ஒரு இடத்தில் பூட்டி வையுங்கள். அந்த மாற்றுச் சாவியை வைத்து இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.